ஆற்றங்கரைக் கிட்டங்கி கைக்கு வந்திருக்கிறது: வீடுகளாக்குவதா, இடித்துக் கட்டுவதா, அப்படியே விடுவதா, விற்பதா?

போன மாதம் மட்டும் மூன்று பேர் இதே கேள்வியோடு வந்தார்கள். ஒருவருக்கு மதுரையில் யானைக்கல் பக்கம், ஒருவருக்கு சிம்மக்கல்லில், இன்னொரு தங்கைக்கு வைகைக்கு அக்கரையில் செல்லூரில். மூவரிடமும் இருப்பது தாத்தா காலத்துக் கிட்டங்கி. இப்போது எல்லோரும் குடோன் என்கிறார்கள், எங்கள் வீட்டில் இன்னும் கிட்டங்கிதான். வியாபாரம் நின்றுவிட்டது, கட்டடம் நிற்கிறது, சித்தப்பா விற்கச் சொல்கிறார், அண்ணன் இடிக்கச் சொல்கிறார், வெளிநாட்டில் இருக்கும் மகன் லண்டனில் பழைய கிடங்குகளை வீடுகளாக்கிய படங்களை அனுப்பி "நாமும் இப்படிச் செய்யலாமே" என்கிறான்.

எங்கள் குடும்பத்துக் கிட்டங்கியும் அந்த வகைதான். 40 அடி முகப்பு, 100 அடி நீளம், பின்சுவரைத் தாண்டினால் ஒரு சந்து, அதைத் தாண்டினால் வைகை. புளியும் வெல்லமும் அடுக்கிய இடம். இப்போது அதில் 5 வீடுகள் இருக்கின்றன, இரண்டில் நாங்கள், மூன்று வாடகைக்கு. முடிக்க 3 வருடம் ஆனது. அதனால் இதை நடுவில் நின்று பொதுவாகச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் மாற்றிக் கட்டுவதுதான் எல்லோருக்கும் சரி என்றும் சொல்லமாட்டேன். சிலருக்கு அது குடும்பத்தையே உடைத்துவிடும்.

லண்டன் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தேம்ஸ் கரையில் பட்லர்ஸ் வார்ஃப் என்று 1870களில் கட்டிய பெரிய கிடங்கு வரிசை. கப்பல் சரக்கு குறைந்து 1972-ல் மூடினார்கள், அப்புறம் 80களில் வீடுகளும் கடைகளுமாக மாற்றினார்கள். அங்கே பல மாடி, பெரிய ஜன்னல், வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடும் ஆறு. நம்முடையது நீளமான, இருட்டான, பெரும்பாலும் ஒன்றரை மாடிக் கட்டடம். ஆற்றில் முக்கால்வாசி நாள் மணலும் சீமைக்கருவேலமும் சாக்கடையும்தான். படத்தைப் பார்த்து ஆசைப்படலாம், கணக்கை நம் சுவரைப் பார்த்துத்தான் போட வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியவை

நான்கு வழிகளையும் ஒரே தராசில் நிறுக்க ஐந்து விஷயங்களைப் பார்த்தால் போதும்: பத்திரம், சுவர், தண்ணீர், பங்காளிகள், கையில் இருக்கும் காசும் பொறுமையும். பெரும்பாலானவர்கள் கடைசியில் இருப்பதிலிருந்து தொடங்குகிறார்கள், "சதுர அடிக்கு என்ன ஆகும்" என்று. அதைக் கடைசியில் கேளுங்கள்.

பத்திரம். வில்லங்கச் சான்று சுத்தமாக இருப்பதும் மண் உங்களுடையதாக இருப்பதும் ஒன்றல்ல. பழைய மதுரையில் கோயில் நிலம், சத்திர நிலம், மடத்து நிலம் நிறைய உண்டு. தாத்தா மண்ணுக்கு வாடகை கட்டிக்கொண்டு மேலே கட்டடம் மட்டும் எழுப்பியிருப்பார். வீட்டில் யாருக்கும் தெரியாது, ஏதோ ஒரு டிரங்குப் பெட்டியில் ரசீது கிடக்கும். ஆற்றோரம் என்றால் இன்னொன்றும் உண்டு: பின்சுவர் பட்டா எல்லைக்குள் நிற்கிறதா, ஆற்றுப் புறம்போக்கில் இரண்டடி இறங்கியிருக்கிறதா என்று சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். நீர்நிலைப் புறம்போக்கு விஷயத்தில் நீதிமன்றங்கள் இப்போது விட்டுக்கொடுப்பதில்லை. எந்த வழியைத் தேர்ந்தாலும் இந்த அளவு இல்லாமல் ஒரு செங்கல்லையும் தொடாதீர்கள்.

சுவர். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அந்தக் காலத்துக் கிட்டங்கி என்றால் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய இரண்டடிச் சுவர். கூரை, கொத்தனார்கள் மெட்ராஸ் டெரஸ் என்று சொல்லும் வகை: தேக்கு உத்தரம், குறுக்கே கட்டை, அதன்மேல் சிறிய செங்கல்லைச் சாய்த்து நிறுத்திச் சுண்ணாம்பு, மேலே தட்டோடு. சுண்ணாம்பு பலமில்லாதது என்று யாராவது சொன்னால் பெரியாறு அணையை நினைத்துக்கொள்ளுங்கள். 1895-ல் சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் தூள்) கலந்து கட்டியதுதான், அந்தத் தண்ணீரைத்தான் இன்றும் வைகையில் பார்க்கிறோம். கெடுவது பெரும்பாலும் சாந்து இல்லை, மரம்தான், கெடுப்பது ஓதம், அதாவது சுவரில் ஏறும் ஈரம். உத்தரம் சுவருக்குள் நுழையும் முனையில் ஒரு திருப்புளியை வைத்து அழுத்துங்கள். நடுவில் இரும்பு மாதிரி இருக்கும் மரம், முனையில் ஓதம் குடித்து வெண்ணெய் மாதிரி உள்ளே வாங்கும். அப்படி எத்தனை உத்தரம் வாங்குகிறது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள்.

ஓதத்துக்கு ஒரு சோதனை. ஒரு அடிக்கு ஒரு அடி பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவரை ஒட்டிய பக்கம் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தால் ஓதம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் கோத்திருந்தால் அறையில் காற்றோட்டம் இல்லை, அவ்வளவுதான். இதைக் கோடையில் செய்யாதீர்கள், ஐப்பசி மழை இரண்டு பிடித்த பிறகு செய்யுங்கள். சித்திரையில் எல்லாச் சுவரும் நல்ல சுவர்தான்.

தண்ணீர். "அணை வந்தபின் வைகையில் ஏது வெள்ளம்" என்பார்கள். 1959-ல் வைகை அணை வந்தது உண்மை, ஆனால் அணை நிரம்பினால் திறக்கத்தான் செய்வார்கள். 71 அடி அணையில் 66 அடிக்கு முதல் எச்சரிக்கை, 68.5-க்கு இரண்டாவது, 69-க்கு மூன்றாவது. ஆற்றோரம் சொத்து வைத்திருப்பவர்கள் இந்த மூன்று எண்ணையும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். ஆனாலும் வீட்டுக்குள் தண்ணீர் வருவது பல நேரம் ஆற்றிலிருந்து இல்லை. 2024 அக்டோபரில் செல்லூர்ப் பக்கம் ஒரு மாலை மழையில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததே, அது மேலே கண்மாயிலிருந்தும் தெருவிலிருந்தும் இறங்கிய தண்ணீர், ஆற்றில் போய் விழ வழி போதாமல் தேங்கியது. அதனால் உங்கள் கட்டடத்துக்கு ஆறு எத்தனை அடி தூரம் என்பதைவிட, பக்கத்தில் எந்த வாய்க்கால் எங்கே ஆற்றில் சேர்கிறது என்பதுதான் முக்கியம். அதே தெருவில் டீக்கடை வைத்திருக்கும் பெரியவரைக் கேளுங்கள், எந்த வருடம் எந்தப் படி வரை வந்தது என்று கையால் காட்டுவார்.

பங்காளிகள். இதில்தான் பல கிட்டங்கிகள் இருபது வருடம் பூட்டிக் கிடக்கின்றன. அத்தைகளுக்கும் அக்கா தங்கைகளுக்கும் பங்கு உண்டு, 1989-ல் தமிழ்நாட்டிலும் 2005-ல் நாடு முழுக்கவும் சட்டம் திருத்தி வெகு நாளாகிவிட்டது. "அவள் கேட்கமாட்டாள்" என்று எழுதாமல் விட்ட கையெழுத்து, வங்கி வக்கீல் பார்க்கும் அன்று பல்லைக் காட்டும். ஆவணி மூலத்தில் புட்டுத்தோப்பில் பிட்டுக்கு மண் சுமந்த திருவிழா பார்க்கிறோமே, அந்தக் கதையில் வைகைக் கரையை அடைக்க வீட்டுக்கு ஒரு பங்கு அளந்து கொடுக்கிறான் அரசன். வந்திக் கிழவியின் ஒரு பங்கு அடைபடாமல் நின்றதால்தான் அத்தனையும் நடக்கிறது. பொதுச் சொத்தில் ஒரு பங்கு அடைபடாமல் நின்றால் எல்லோருடைய பங்கும் நிற்கிறது.

வழி 1: குடோனாகவே வாடகைக்கு விடுவது

செலவு மிகக் குறைவு. கூரை ஒழுகாமல் பார்த்து, ஷட்டர் மாற்றி, ஒயரிங்கைப் புதிதாகப் போட்டால் விட்டுவிடலாம். பத்திரச் சிக்கல் தீராமல் இருக்கிறவர்களுக்கும், பங்காளிகள் ஒத்து வர இன்னும் இரண்டு மூன்று வருடம் ஆகும் என்று தெரிந்தவர்களுக்கும் இதுதான் சரி. பூட்டிப் போடுவதைவிட நூறு மடங்கு மேல். பூட்டிய கட்டடத்தில் ஒரு ஓடு நழுவினால் யாருக்கும் தெரியாது, அந்த ஒரு ஓட்டு வழியாக ஒரு உத்தரம் போகும்.

மறைந்திருக்கும் செலவு என்னவென்றால், வாடகை நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகத்தான் வரும். காய்கறி, பழ மொத்த வியாபாரம் மாட்டுத்தாவணிக்குப் போனபின் ஊருக்குள் குடோன் தேடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், லாரி உள்ளே வரவும் நேரக் கட்டுப்பாடு. வருகிறவர்களில் பலர் பிளாஸ்டிக், பெயிண்ட், அட்டைப்பெட்டி வைக்கக் கேட்பார்கள். மரக் கூரைக்குக் கீழே இதையெல்லாம் அடுக்குவது எனக்குப் பயம். என்ன வைக்கலாம், மெத்தையில், அதாவது மேல்மாடியில், எவ்வளவு எடை ஏற்றலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள், தீக் காப்பீடு எடுங்கள். வாடகைக்குப் புதிய சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது, எழுத்து ஒப்பந்தமும் அதைப் பதிவதும் கட்டாயம். பழகிய ஆள், வாய்ப்பேச்சு போதும் என்று விட்டால், நாளைக்குக் காலி செய்யச் சொல்லும்போது கையில் காட்ட எதுவும் இருக்காது.

வழி 2: இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். எஞ்சினியர் வரைந்து கொடுக்கும் படம் அழகாக இருக்கும், வங்கிக் கடன் சுலபம், வீடு வாங்க வருகிறவர்களுக்கும் புதுக் கட்டடம்தான் புரியும். கொத்தனாரும் எளிதில் கிடைப்பார்கள்.

ஆனால் ஒரு கணக்கு யாரும் சொல்வதில்லை. பழைய கட்டடம் எல்லை முதல் எல்லை வரை முழு மனையிலும் நிற்கிறது. இடித்த மறுநாள் அது வெறும் மனை, இன்றைய விதி அத்தனையும் அதற்குப் பொருந்தும். நாலு பக்கமும் ஐந்தடி விட வேண்டியிருக்கிறது என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 40க்கு 100 மனையில் 4,000 சதுர அடி இருந்தது, 30க்கு 90 ஆகி 2,700 மிஞ்சும். மூன்றில் ஒரு பங்கு காற்றுக்குப் போயிற்று. எவ்வளவு விட வேண்டும் என்பது சாலை அகலம், கட்டட உயரம், அந்தத் தெரு தொடர் கட்டடப் பகுதியா (சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டலாமா) என்பதையெல்லாம் பொறுத்தது. படம் வரைவதற்கு முன்னாலேயே மாநகராட்சிப் பதிவு பெற்ற எஞ்சினியரிடம் இதை எழுதி வாங்குங்கள்.

போன இடத்தை மேலே ஏறிப் பிடிக்கலாம் என்றால், மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் 9 மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது. அந்த வட்டம் ஆறு வரை கிட்டத்தட்ட வந்துவிடும், சிம்மக்கல் தெருக்கள் பல அதற்குள்தான். 9 மீட்டரில் வண்டி நிறுத்தக் கீழ்த்தளத்தை விட்டால் மிச்சம் இரண்டு மாடி. எங்கள் கிட்டங்கியின் தரைத்தளம் மட்டுமே 16 அடி உயரம். அதை இடித்துப் பத்தடி உயர அறைகளாகக் கட்டினால் எங்களுக்கு லாபமாக ஏதும் மிஞ்சவில்லை, கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் விட்டோம்.

இன்னொரு மறைவான செலவு பொதுச்சுவர். பழைய தெருக்களில் உங்கள் சுவரில்தான் பக்கத்து வீட்டு உத்தரம் உட்கார்ந்திருக்கும். இடித்தால் அவர் கூரைக்கு நீங்கள் முட்டுக் கொடுக்க வேண்டும், விரிசலுக்குப் பதில் சொல்ல வேண்டும், சில நேரம் நீதிமன்றத்துக்கும் போக வேண்டும்.

இடிக்கிறவர்கள் கூலி கேட்கமாட்டார்கள், உங்களுக்குக் காசு கொடுத்து இடிப்பார்கள். அந்த நேரத்தில் சந்தோஷமாக இருக்கும். அவர்கள் கொடுப்பது தேக்குக்கும் கல்தூணுக்கும் கதவு நிலைக்கும். அந்த உத்தரத்தை இன்று மரக்கடையில் வாங்கப் போனால் என்ன விலை என்று ஒரு தடவை கேட்டுவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.

எப்போது இடிப்பது சரி? உத்தரங்களில் பாதிக்கு மேல் முனை போயிருந்தால், சுவர் தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கும்போது வெளியே சாய்ந்திருந்தால், பின்பக்கம் அஸ்திவாரத்தை ஆறோ வாய்க்காலோ அரித்திருந்தால், யோசிக்க வேண்டாம். அதில் ஆட்களைக் குடிவைப்பது பாவம்.

வழி 3: சுவரை வைத்துக்கொண்டு வீடுகளாக மாற்றுவது

நாங்கள் செய்தது. முதலில் நல்லதைச் சொல்கிறேன். அக்னி நட்சத்திரத்தில் மதியம் இரண்டு மணிக்குத் தெருவிலிருந்து உள்ளே வந்தால் உடம்பு அடங்கும், இரண்டடிச் சுவருக்கு அந்தக் குணம் உண்டு. 16 அடி உயரத்தில் வெப்பம் மேலேயே நின்றுவிடும். வாடகைக்கு இருக்கிறவர்கள் அவ்வளவு சீக்கிரம் காலி செய்வதில்லை. சித்ரா பௌர்ணமி அன்று விடியற்காலையில் மொட்டைமாடியில் நின்றால் ஏ.வி. பாலத்தின் மேலும் கீழும் தலையாகத் தெரியும், அழகர் ஆற்றில் இறங்கும்போது எழும் சத்தம் சுவர் வழியாகவே வரும். அந்த இரண்டு மூன்று நாள் வண்டி வெளியே எடுக்க முடியாது, வீட்டில் நாற்பது பேர் சாப்பிடுவார்கள், அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இனி செலவுகள். முதலாவது வெளிச்சமும் காற்றும். கிட்டங்கிக்கு ஜன்னல் கிடையாது, மேலே சின்னச் சின்னக் காற்றுவாரிதான். 100 அடி நீளத்தை ஐந்தாகத் தடுத்தால் நடு வீடுகள் சுரங்கம் ஆகிவிடும். கனச்சுவரில் இஷ்டத்துக்கு ஜன்னல் உடைக்கவும் கூடாது, கூரை எடை முழுக்க அதில்தான் இறங்குகிறது. எங்களுக்கு நடுவில் நாலு உத்தரம் கெட்டிருந்தது, அதை மாற்றாமல் அந்த இடத்தையே திறந்து முற்றமாக விட்டுவிட்டோம், எல்லா வீட்டுக்கும் அங்கிருந்துதான் வெளிச்சம். ஒரு வீடு குறைந்தது. ஆறு போட நினைத்து ஐந்தாகியது. ஆனால் அந்த முற்றம் இல்லாவிட்டால் ஐந்தில் மூன்றுக்கு ஆள் வந்திருக்காது என்று உறுதியாகச் சொல்வேன்.

இரண்டாவது கழிப்பறை. கிட்டங்கியில் ஒரு குழாய்கூட இருந்ததில்லை, ஐந்து வீட்டுக்கு ஐந்து சமையலறை, ஏழு குளியலறை. பாதாளச் சாக்கடை இணைப்பு முன்தெருவில் இருக்கிறது, பின்வீட்டிலிருந்து 100 அடிக்கு வாட்டம் கொடுத்துக் குழாய் கொண்டுவர வேண்டும், அதற்காகத் தரையில் பாவியிருந்த கருங்கல்லை எல்லாம் எண் போட்டு எடுத்துத் திரும்பப் பாவினோம். ஆற்றுப் பக்கம் திருப்பிவிட்டால் மலிவு என்று ஒரு ஆள் யோசனை சொன்னார். வைகைக்கு நாம் செய்த துரோகம் போதும்.

மூன்றாவதில்தான் நாங்கள் அடிபட்டோம். வேலையைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று ஆற்றுப் பக்கச் சுவரின் உள்பக்கம் சிமெண்ட் பூசச் சொன்னோம். பார்க்க வழுவழுவென்று இருந்தது. கார்த்திகை முடிவதற்குள் இடுப்பளவு உயரத்தில் பூச்சு கொப்பளம் கொப்பளமாக எழும்பியது, கையால் அழுத்தினால் அப்பளம் மாதிரி உடைந்தது, உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்பு. என் அம்மா ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்து "இது புளி மூட்டை உப்பு" என்றார். புளியில் உப்புக் கலந்துதான் அடுக்குவார்கள், அத்தனை வருட உப்பும் சுவர் குடித்திருக்கிறது. சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும், ஓதத்தை மெதுவாக வெளியே தள்ளும். சிமெண்டைப் பூசி அதன் வாயை அடைத்தால் உப்பு உள்ளிருந்து பூச்சைத் தள்ளித்தான் வெளியே வரும். எல்லாவற்றையும் கொத்தி எடுத்துவிட்டு, மலிவான சுண்ணாம்புப் பூச்சு ஒரு முறை பூசி, அது உப்பை உறிஞ்ச ஒரு வருடம் விட்டு, அதையும் கொத்தி எறிந்துவிட்டு, இரண்டாவது முறை பூசியதுதான் நின்றது. 3 வருடத்தில் ஒரு வருடம் அந்த ஒரு சுவருக்குப் போனது. உங்கள் கிட்டங்கியில் என்ன சரக்கு வைத்திருந்தார்கள் என்று முதலில் கேளுங்கள். உப்பு, புளி, உரம், கருவாடு என்றால் அந்த ஒரு வருடத்தை இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வெங்காயம், நெல், வெல்லம் என்றால் அவ்வளவு பயம் இல்லை. மிளகாய் என்றால் ஈரமான நாட்களில் நெடி கொஞ்ச காலம் வரும்.

சுண்ணாம்பு தெரிந்த கொத்தனார் கிடைப்பது கஷ்டம். கோயில் திருப்பணி வேலைக்குப் போகிறவர்களில் தேடுங்கள், அவர்களுக்கு நேரம் கிடைக்கும்போதுதான் வருவார்கள். கூலி கூட, காய நாள் கூட.

அனுமதி பக்கம்: பயன்பாடு மாறுகிறது, அதனால் மாநகராட்சியில் திட்ட அனுமதி வேண்டும், கட்டமைப்பு உறுதிச் சான்று கேட்பார்கள், வண்டி நிறுத்துமிடம் காட்டச் சொல்வார்கள். எங்கள் முன்பக்கம் 20 அடியை அதற்காகவே விட்டோம். மின் இணைப்பை வணிகக் கட்டணத்திலிருந்து வீட்டுக் கட்டணத்துக்கு மாற்றி வீட்டுக்கு ஒன்றாகப் பிரித்தால்தான் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் கிடைக்கும், சொத்துவரியும் குடியிருப்பு விகிதத்துக்கு வரும். வீடுகளை விற்கப் போகிறீர்கள் என்றால் கதை வேறு: மனை 500 சதுர மீட்டரைத் தாண்டினாலோ வீடுகள் 8-ஐத் தாண்டினாலோ ரெரா (வீட்டு விற்பனை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு பார்க்க வேண்டும், கட்டமைப்புக் குறைக்கு 5 ஆண்டு பொறுப்பும் உங்கள் தலையில். நூறு வயதுச் சுவருக்கு அந்தப் பொறுப்பை ஏற்க எனக்குத் துணிவில்லை. அதனால் என் கருத்து, மாற்றிக் கட்டுவது வைத்துக்கொள்வதற்கும் வாடகைக்கும்தான் பொருந்தும், விற்பதற்கு இல்லை.

பணம். பழைய கட்டடம் என்றால் வங்கிகள் தயங்கும், கட்டடத்தின் மிச்ச ஆயுளுக்குச் சான்று கேட்கும், கடன் காலத்தைக் குறைக்கும். அப்போது மதுரைக்காரர்கள் எல்லோருக்கும் தோன்றும் யோசனை ஒத்தி, அதாவது மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு வாடகை இல்லாமல் குடிவைத்து, காலி செய்யும்போது அதைத் திருப்பிக் கொடுப்பது. வேலை முடியும் முன்னாலேயே ஐந்து வீட்டையும் ஒத்திக்குப் பேசி அந்தப் பணத்திலேயே வேலையை முடித்துவிடலாம் என்று. தயவுசெய்து வேண்டாம். இரண்டு மூன்று வருடத்தில் ஐந்து பேரும் முழுப் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள், நடுவில் வாடகை என்று ஒரு ரூபாய் வந்திருக்காது. அடுத்த ஆளிடம் வாங்கி முந்தைய ஆளுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு வீடு இரண்டு மாதம் காலியாக நின்றால் கடன்தான். ஒரு வீட்டை ஒத்திக்கு விடலாம், அதற்குமேல் போகாதீர்கள்.

வழி 4: விற்றுவிடுவது

இதைக் கேவலமாக நினைக்கிறவர்கள் உண்டு, நான் அப்படி நினைக்கவில்லை. பங்காளிகள் எட்டுப் பேர், மூன்று பேர் வெளியூர், ஒருவருக்கு மகளின் படிப்புக்கு இந்த வருடமே பணம் வேண்டும் என்றால், விற்றுப் பிரித்துக்கொள்வதுதான் மரியாதை. கட்டடத்துக்காக உறவை இழக்க வேண்டாம்.

வரியை மட்டும் முன்னாலேயே ஆடிட்டரிடம் உட்கார்ந்து பாருங்கள். பூர்வீகச் சொத்துக்கு 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை, அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டாமல், அசல் விலையாக வைத்துக்கொள்ளலாம், அதற்கு அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளர் சான்று வாங்குங்கள். 2024 ஜூலை 23-க்குப் பிறகு விற்றால் 12.5 சதவீதம், முன்பே கையில் இருந்த நிலம், கட்டடத்துக்கு இந்தியாவில் வசிக்கும் தனிநபர்கள் விலைவாசிக் குறியீட்டோடு 20 சதவீதம் என்ற பழைய வழியில் கணக்கிட்டு எது குறைவோ அதைக் கட்டலாம். பலர் ஏமாறும் இடம் ஒன்று: குடியிருந்த வீட்டை விற்றால் லாபத்தை மட்டும் வேறு வீட்டில் போட்டால் வரிவிலக்கு. கிட்டங்கி குடியிருப்பு இல்லை, அதனால் செலவு போகக் கையில் வந்த தொகை முழுவதையும் வீட்டில் போட்டால்தான் முழு விலக்கு கிடைக்கும். பாதியைப் போட்டால் அந்த விகிதத்துக்குத்தான்.

வெளியாளுக்கு விற்கும் முன் உங்களுக்குள் ஒருவர் எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம். நெருங்கிய குடும்ப உறுப்பினர்களுக்குள் பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம் என்றால் அதைவிட மிகக் குறைவு, உச்சவரம்பும் உண்டு. எங்கள் வீட்டில் பெரியப்பா மகன் தன் பங்கை அப்படித்தான் எங்களுக்கு விட்டார். வெளியே வந்திருக்கும் விலையைவிடக் கொஞ்சம் குறைவுதான், ஆனால் சித்திரைத் திருவிழாவுக்கு அவர் குடும்பத்தோடு வந்து தங்க முன் அறை என்று பத்திரத்துக்கு வெளியே ஒரு பேச்சு இருக்கிறது, இதுவரை அது தவறவில்லை.

கேட்ட மூவருக்கும்

யானைக்கல்காரருக்கு: உங்களுடைய மண் வாடகை ரசீது கிடைத்திருக்கிறது என்கிறீர்கள். மாற்றுவது, இடிப்பது, விற்பது மூன்றையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். வக்கீலைப் பாருங்கள், கூரையைச் சரிசெய்து குடோனாகவே விடுங்கள்.

சிம்மக்கல் அண்ணனுக்கு: உங்களுக்குப் பத்திரம் சுத்தம், பங்காளிகள் இரண்டே பேர், வெங்காயம் வைத்திருந்த இடம், அனுப்பிய படத்தில் உத்தரங்கள் நேராக இருக்கின்றன. ஊரில் மாற்றிக் கட்டத் தகுதியான கட்டடம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைச் சொல்வேன். உங்கள் எஞ்சினியர் கொடுத்த ஆறு மாத அட்டவணையை மட்டும் நம்பாதீர்கள், அதை மூன்றால் பெருக்கி அதற்கு வட்டி கட்ட முடியுமா என்று பாருங்கள்.

செல்லூர்த் தங்கைக்கு: சுவர் நன்றாக இருக்கிறது, மனமும் மாற்றிக் கட்டுவதில் இருக்கிறது, தெரிகிறது. ஆனால் 2024-ல் உங்கள் தெருவில் முழங்கால் வரை தண்ணீர் நின்றது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தரைத்தளத்தில் யாரையும் குடிவைக்க வேண்டாம், அதை வண்டிக்கும் கடைக்கும் விட்டு மெத்தையில் மட்டும் இரண்டு வீடு வருமா என்று முதலில் பாருங்கள், வராது என்றால் விற்பதுதான். எதுவானாலும் இந்த ஐப்பசி வரை பொறுங்கள். முதல் பெருமழை பெய்த இரவு ஒரு டார்ச்சோடு உள்ளே போய், தண்ணீர் எந்த மூலையிலிருந்து வருகிறது, எந்தக் கல் வரை ஏறுகிறது என்று சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுப் படம் எடுத்து அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.